தேர்வு தொடங்குவதற்கு முந்தைய ஒரு மணி நேரம்: தில்லித் தமிழ் மாணவர்களுக்கான படபடப்புத் தணிப்புப் பயிற்சிகள்

சி.பி.எஸ்.இ. வாரியத் தேர்வு காலை 10.30 மணிக்குத் தொடங்குகிறது. ஆனால் மாணவர்கள் 10 மணிக்குள் மையத்துக்குள் வந்துவிட வேண்டும், 10.15-க்கு வினாத்தாள் கைக்கு வரும். அடுத்த 15 நிமிடம் அதைப் படிக்கலாம், விடை எழுதக் கூடாது. மையம் பெரும்பாலும் வேறொரு பள்ளியில்தான் இருக்கும் என்பதால், மயூர் விகாரிலிருந்தும் ஜனக்புரியிலிருந்தும் கிளம்பும் பிள்ளைகள் வழியில் தாமதமாகிவிடக் கூடாதே என்று 9.15 மணிக்கே வாசலில் வந்து நிற்கிறார்கள். எழுதும் மூன்று மணி நேரத்தைவிட, எழுதாமல் காத்திருக்கும் இந்த ஒரு மணி நேரமே அவர்களை அதிகமாக ஆட்டி வைக்கிறது. ராமகிருஷ்ணபுரத்தில் 18 ஆண்டுகளாகக் கணக்கு டியூஷன் எடுத்து வருகிறேன். நன்றாகப் படித்த பிள்ளைகள் அந்த ஒரு மணி நேரத்தில் தளர்ந்துபோவதை ஒவ்வொரு பிப்ரவரியிலும் பார்க்கிறேன்.

முதல்முறையாக வாரியத் தேர்வு எழுதப் போகும் மாணவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இதில் சொல்லப்படும் பயிற்சிகள் எதற்கும் கருவி வேண்டாம், கட்டணம் வேண்டாம், தனி அறைகூட வேண்டாம். பெரும்பாலானவை ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. நீச்சல் தெரியாதவர் வெள்ளத்தில் இறங்கி நீந்தக் கற்றுக்கொள்ள முடியாது என்பதைப் போல, இவற்றைத் தேர்வு நாளன்று காலையில் முதன்முதலாகச் செய்து பார்த்தால் பலன் மிகக் குறைவாகவே இருக்கும். குறைந்தது மூன்று வாரங்களுக்கு முன்பே, மனம் அமைதியாக இருக்கும் நேரத்தில், தினமும் செய்து உடம்புக்குப் பழக்கிவிட வேண்டும். அப்படிப் பழகிய உடம்பு, மனம் கலங்கி நிற்கும் நேரத்திலும் தானாகவே அந்த வழியில் போகும்.

படபடப்பின்போது உடம்பில் என்ன நடக்கிறது

ஆபத்து வந்துவிட்டது என்று மூளை முடிவு செய்தவுடன், நம் விருப்பத்தைக் கேட்காமலேயே வேலை செய்யும் தன்னியக்க நரம்பு மண்டலம் உடம்பை ஓடுவதற்கோ எதிர்த்து நிற்பதற்கோ தயார் செய்கிறது. அட்ரினலின் சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. ரத்தம் பெரிய தசைகளுக்குப் பாய்வதால் விரல் நுனிகள் சில்லிடுகின்றன, செரிமானம் பின்னுக்குத் தள்ளப்படுவதால் வயிற்றைக் கலக்குகிறது, நாக்கு உலர்ந்துபோகிறது. சிறிது நேரத்துக்குள் கார்ட்டிசால் என்ற ஹார்மோனும் ரத்தத்தில் உயர்கிறது. எதிரில் பாம்பு நின்றால் இத்தனையும் நமக்கு உதவும். முன்னால் இருப்பது வினாத்தாள் என்பது உடம்புக்குத் தெரியாது.

“அம்மா, ஒண்ணுமே ஞாபகம் வரலம்மா, எல்லாம் மறந்துபோச்சு” என்று வாசலில் பிள்ளை சொல்வதற்குப் பொருள், படித்தது அழிந்துவிட்டது என்பதன்று. படித்தது இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதை எடுத்து வரும் வழியில்தான் தடை. கணக்கின் இடைப்படிகளை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போகும் சிறிய இடம் ஒன்று மூளையில் இருக்கிறது. “தோற்றுவிட்டால் என்ன ஆகும், அப்பா என்ன சொல்வார்” என்ற கவலைகள் அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்வதால், சூத்திரத்துக்கு அங்கே இடம் கிடைப்பதில்லை. இதைப் பிள்ளைகளிடம் தேர்வுக்கு முன்பே விளக்கமாகச் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், மறந்துவிட்டது என்று நம்பும் பிள்ளை மேலும் பயப்படுகிறது. வழி அடைந்திருக்கிறது, திறந்துவிடும் என்று தெரிந்த பிள்ளை காத்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். படபடப்பை முழுவதுமாகத் துடைத்துவிடுவது நம் நோக்கமன்று; ஓரளவு விறுவிறுப்பு இருந்தால்தான் கவனம் கூர்மையாக இருக்கும், தூங்கி வழியும் மனத்தோடு யாரும் நன்றாக எழுதிவிட முடியாது. அளவு மீறிய பங்கைக் குறைத்தால் போதும்.

முதற்பயிற்சி: வெளிமூச்சை நீட்டுதல்

ஒரே ஒரு பயிற்சியைத்தான் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள். இதயத் துடிப்பை நேராகக் கட்டளையிட்டுக் குறைக்க நம்மால் முடியாது. ஆனால் மூச்சின் வழியாக அதைத் தொட முடியும். மூச்சை உள்ளே இழுக்கும்போது இதயம் சற்று வேகமாகவும், வெளியே விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கிறது. மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கி இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு, வெளிமூச்சின்போது அதற்குக் கடிவாளம் போடுவதே காரணம். ஆகவே உள்மூச்சைவிட வெளிமூச்சு நீளமாக இருக்கும்படி பார்த்துக்கொண்டால், கடிவாளம் பிடிபட்டிருக்கும் நேரமும் நீள்கிறது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், தொட்டுப் பாருங்கள் என்றுதான் என் மாணவர்களிடம் சொல்வேன். இடது உள்ளங்கையை மேல்நோக்கி வைத்து, கட்டைவிரலின் அடிப்பக்கத்துக்குக் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில், வலது கையின் ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மெல்ல வைத்தால் நாடி தட்டுப்படும். அழுத்தினால் மறைந்துவிடும், பூவின் மேல் விரல் வைப்பதைப் போல வைக்க வேண்டும். இப்போது மெதுவாக மூச்சை இழுங்கள், அதைவிட மெதுவாக விடுங்கள். இழுக்கும்போது நெருங்கி நெருங்கி வந்த துடிப்புகள், விடும்போது ஒன்றுக்கொன்று தள்ளிப்போவதை விரல் உணரும். வளரும் பிள்ளைகளிடம் இந்த வேறுபாடு பெரியவர்களைவிட நன்றாகவே தெரிகிறது. சென்ற ஆண்டு, எதையும் எளிதில் நம்பாத பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, விரலை எடுக்காமலேயே நான்கைந்து முறை மூச்சு விட்டுப் பார்த்துவிட்டு, “மிஸ், நெஜமாவே மெதுவாகுது” என்று கண்களை விரித்தாள். அதன்பின் அவளுக்கு நான் நினைவூட்ட வேண்டிய தேவையே வரவில்லை.

செய்யும் முறை இது. முதல் வாரத்தில் படுத்துக்கொண்டு பழகுங்கள். தொப்புளுக்கு மேலே ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு வழியாக மூச்சை இழுக்கும்போது நோட்டு மேலெழ வேண்டும், விடும்போது இறங்க வேண்டும். மார்பும் தோளும் அதிகம் அசையக் கூடாது. பயத்தில் இருப்பவர்கள் மார்பின் மேற்பகுதியால் மட்டும் குட்டிக் குட்டியாக மூச்சு விடுகிறார்கள். வயிறு எழுந்து இறங்குகிறது என்றால் நுரையீரலுக்கு அடியிலுள்ள உதரவிதானம் முறையாக வேலை செய்கிறது என்று அறியலாம். நோட்டு தானாக ஏறி இறங்கத் தொடங்கிய பிறகு எண்ணிக்கையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: நான்கு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். இடையில் மூச்சை அடக்கி நிறுத்த வேண்டாம். ஓர் எண்ணுக்கு ஒரு நொடி என்று கொண்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு ஆகும். ஓய்வாக இருக்கும் பெரியவர்கள் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை வரை மூச்சு விடுகிறார்கள் என்பதை நினைத்தால், நாம் எவ்வளவு மெதுவாக்குகிறோம் என்பது விளங்கும். ஐந்து நிமிடம் போதும். இரண்டாம் வாரத்தில் நாற்காலியில் உட்கார்ந்தும், மூன்றாம் வாரத்தில் மெட்ரோவில் நின்றுகொண்டும் செய்து பாருங்கள். இரைச்சலுக்கு நடுவே செய்து பழகினால்தான் தேர்வு மையத்து வாசலில் கைகொடுக்கும்.

எந்த மொழியில் எண்ணுவது என்று ஒரு மாணவன் கேட்டான். தில்லியில் வளரும் நம் பிள்ளைகள் பள்ளியில் ஆங்கிலத்திலும் தெருவில் இந்தியிலும் எண்ணுகிறார்கள். அம்மாவோ பாட்டியோ விரல் மடக்கிச் சொல்லிக் கொடுத்த “ஒண்ணு, ரெண்டு, மூணு” வீட்டின் நிதானத்தையும் தன்னோடு கொண்டு வருகிறது என்பது என் எண்ணம். ஆராய்ச்சி முடிவாக இதைச் சொல்லவில்லை, என் அனுபவமாகச் சொல்கிறேன். உங்களுக்கு எது இயல்பாக வருகிறதோ அதிலேயே எண்ணிக்கொள்ளலாம்.

தொடக்கத்தில் நேரும் தவறு ஒன்றே ஒன்றுதான்: மெதுவாக என்பதை ஆழமாக என்று புரிந்துகொண்டு, நெஞ்சு வெடிக்கும் அளவுக்குக் காற்றை இழுப்பது. அளவுக்கு மீறிக் காற்றை வாங்கி வேகமாக விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலை சுற்றும், விரல் நுனியும் உதட்டோரமும் மரத்துப்போகும். அதைக் கண்டு பிள்ளை மேலும் பயந்துவிடும். அப்படி ஆனால் எண்ணிக்கையை விட்டுவிட்டு இயல்பாக மூச்சு விட்டால் சில நிமிடங்களில் சரியாகிவிடும். ஆஸ்துமா உள்ளவர்கள், தில்லியின் குளிர்காலப் புகைமூட்டத்தில் இருமலோடு இருப்பவர்கள், தங்களுக்குத் தடையில்லாமல் வரும் அளவுக்கே மூச்சை நீட்ட வேண்டும். மூன்று எண்ணி இழுத்து நான்கு எண்ணி விட்டாலும் பலன் உண்டு. இன்ஹேலர் எடுப்பவர்கள் தேர்வு நாளில் அதை மறக்காமல் கொண்டுபோக வேண்டும். அது தேவைப்படும் என்பதை மையத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவதும் நல்லது.

ஐந்து நிமிடம்கூட இல்லாத இடத்தில், சோதனைக்காக வரிசையில் நிற்கும்போது, பெருமூச்சு முறையைச் செய்யலாம். மூக்கு வழியாக ஒரு மூச்சை இழுத்து, அது முடியும் இடத்திலேயே விடாமல் இன்னும் சிறிது காற்றை உள்ளே இழுத்து, பிறகு வாய் வழியாக நீண்ட பெருமூச்சாக விட வேண்டும். அழுது ஓய்ந்த குழந்தை தூக்கத்தில் விம்மி விம்மிப் பெருமூச்சு விடுவதைப் பார்த்திருப்பீர்கள்; உடம்பே அறிந்து வைத்திருக்கும் வழி அது. இதைத் தினமும் ஐந்து நிமிடம் ஒரு மாத காலம் செய்தவர்களின் மனநிலை மேம்பட்டதாக ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்டார்கள். வாசல் வரிசையில் மூன்று முறை செய்தாலே தோள் இறங்குவதை உணரலாம்.

தசைகளை இறுக்கித் தளர்த்துதல்

“தளர்வாக இரு” என்று சொன்னால் யாருக்கும் தளரத் தெரியாது. இறுக்கம் எங்கே இருக்கிறது என்பதே தெரியாதபோது எதைத் தளர்த்துவது? அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன் இதற்கு ஒரு வழி கண்டார்: ஒரு தசையை முதலில் வேண்டுமென்றே இறுக்கி, பின்பு சட்டென்று விட்டுவிட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிப்பது. இன்றும் மனநல மருத்துவர்கள் கற்றுத் தரும் பயிற்சி இது.

இரவில் படுக்கையில் முழுதாகச் செய்வதற்குப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும். பாதத்திலிருந்து தொடங்குங்கள். கால்விரல்களை உள்ளே மடக்கி ஐந்து நொடி இறுக்குங்கள். பிறகு விட்டுவிட்டு, அந்த இடத்தில் பரவும் கதகதப்பைப் பத்துப் பதினைந்து நொடி கவனியுங்கள். அடுத்துக் கெண்டைக்கால், தொடை, வயிறு, கைமுட்டி, புஜம், தோள், தாடை, நெற்றி என்று மேலே வாருங்கள். முக்கால் பங்கு பலத்தில் இறுக்கினால் போதும். கெண்டைக்காலில் அதிகம் இறுக்கினால் சுளுக்கிக்கொள்ளும். அடிபட்ட இடமோ வலியுள்ள மூட்டோ இருந்தால் அதை விட்டுவிடுங்கள். பிப்ரவரி மாதத்துத் தில்லியில் கல்யாண ஊர்வலங்களின் பேண்டு வாத்தியம் இரவு பதினோரு மணிக்கும் தெருவைக் குலுக்கும், பிள்ளைகள் தூக்கம் வராமல் புரளுவார்கள். அந்தச் சத்தத்தோடு மல்லுக்கட்டாமல் கவனத்தைப் பாதத்தில் கொண்டுவந்து வைப்பதற்கு இந்தப் பயிற்சி மிகவும் உதவுகிறது. பலர் தோள் வரை வருவதற்குள்ளேயே தூங்கிவிடுகிறார்கள். தேர்வுக் காலத்தில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு மணி நேரத் தூக்கம் தேவை. இரவு இரண்டு மணி வரை விழித்துப் படித்த பாடம் காலையில் கைகொடுக்காமல் போவதற்குத் தூக்கக் குறைவும் ஒரு பெரிய காரணம்.

தேர்வறை இருக்கையில் செய்வதற்குச் சுருக்கமான வடிவம் உண்டு. பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. மேசைக்கு அடியில் இரண்டு கைகளையும் முட்டி மடக்கி ஐந்து நொடி, விடு. தோள்களைக் காதுக்கு அருகே தூக்கி ஐந்து நொடி, விடு. ஷூவுக்குள் கால்விரல்களை மடக்கி ஐந்து நொடி, விடு. ஒவ்வொன்றையும் விடும்போது வெளிமூச்சையும் சேர்த்து விட்டால் இரண்டு பயிற்சிகளும் ஒன்றாகிவிடும். ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகாது. பேனாவை இறுகப் பிடித்து எழுதிக் கை வலிக்கும் மாணவர்கள், ஒவ்வொரு பகுதி முடிந்ததும் கைமுட்டியை மட்டும் இப்படி ஒருமுறை செய்துகொள்ளலாம்.

கவலையைத் தாளில் இறக்கி வைத்தல்

இது மூச்சுப் பயிற்சியன்று. ஆனால் ஓயாமல் யோசித்துக்கொண்டே இருக்கும் பிள்ளைகளுக்கு மூச்சைவிட இது அதிகம் உதவுவதைக் கண்டிருக்கிறேன். தேர்வுக்குச் சற்று முன், அந்தத் தேர்வைப் பற்றி மனத்தில் ஓடும் அச்சங்களைப் பத்து நிமிடம் ஒளிவுமறைவில்லாமல் எழுதிய மாணவர்கள், குறிப்பாக இயல்பிலேயே தேர்வுப் பயம் அதிகமுள்ளவர்கள், எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள் என்று சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இருவர் 2011-இல் காட்டினார்கள். மூளையின் சிறிய இடத்தில் உட்கார்ந்திருக்கும் கவலையைத் தாளுக்கு மாற்றிவிடுவதால் அந்த இடம் காலியாகிறது என்பது அவர்களுடைய விளக்கம்.

மையத்துக்குள் தாள் எடுத்துப் போக முடியாது என்பதால் வீட்டிலிருந்து கிளம்பும் முன் இதைச் செய்துவிடுங்கள். தமிழ், இந்தி, ஆங்கிலம் மூன்றும் கலந்து வந்தாலும், பிழை மலிந்திருந்தாலும், கோபமாக இருந்தாலும் கவலையில்லை. யாரும் படிக்கப் போவதில்லை என்ற உறுதி பிள்ளைக்கு இருக்க வேண்டும். பெற்றோர் அந்த உறுதியை மீறவே கூடாது. எழுதி முடித்ததும் கிழித்துப் போட்டுவிடலாம்.

இதோடு சேர்ந்த சிறிய செய்தி ஒன்று. துடிக்கும் நெஞ்சிடம் “அமைதியாக இரு” என்று சொல்வதைவிட “நான் ஆர்வமாக இருக்கிறேன், என் உடம்பு தயாராகிறது” என்று சொல்லிக்கொள்வது எளிது. ஏனெனில் ஆர்வத்திலும் நெஞ்சு இப்படித்தான் துடிக்கிறது. ஹார்வர்டில் 2014-இல் வெளியான ஓர் ஆய்வும், அப்படிச் சொல்லிக்கொண்டவர்கள் கணக்கிலும் மேடைப் பேச்சிலும் மேலாகச் செய்ததைக் கண்டது.

தேர்வு நாள் காலை, மணி வாரியாக

6.30 மணிக்கு எழுந்தால் அவசரம் இருக்காது. முந்தைய இரவே அனுமதிச் சீட்டு, சீருடை, கண்ணாடி போன்ற ஒளி ஊடுருவும் பை, தண்ணீர் பாட்டில் எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும்; தேடும் பொருள் ஒவ்வொன்றும் படபடப்பைக் கூட்டும். வழக்கமாகச் சாப்பிடுவதையே அளவாகச் சாப்பிடுங்கள். இட்லியோ பரோட்டாவோ எதுவானாலும் சரி, தேர்வு நாளன்று புதிய உணவு எதையும் வயிற்றுக்கு அறிமுகம் செய்ய வேண்டாம். வழக்கமாகக் காபி குடிப்பவர்கள் ஒரு தம்ளர் குடிக்கலாம். பழக்கமில்லாதவர்கள் விழிப்புக்காக அன்று தொடங்கக் கூடாது, எனர்ஜி டிரிங்க் பக்கமே போகக் கூடாது. காஃபீனும் இதயத் துடிப்பைக் கூட்டுகிறது. உடம்பில் அதன் அளவு பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகிறது.

8 மணிக்கு ஐந்து நிமிட மூச்சு, அதன்பின் பத்து நிமிட எழுத்து. வீட்டு வழக்கப்படி விபூதி பூசிக்கொள்வதோ, மலை மந்திர் முருகனை வேண்டிக்கொள்வதோ, சர்ச்சுக்கோ மசூதிக்கோ போகும் வீடுகளில் அவர்களுடைய பிரார்த்தனையோ மனத்துக்கு உறுதி தருமானால் அவசரமில்லாமல் செய்யுங்கள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டி ஒரு ஸ்பூன் தயிரும் சர்க்கரையும் ஊட்டிவிட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். அன்போடு வழியனுப்பப்படுவதும் ஒரு தெம்புதான்.

மையத்தை முந்தைய நாளே ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருவது, மெட்ரோவிலிருந்து எந்த வாசலில் வெளியே வர வேண்டும் என்பதைத் தெரிந்துகொள்வது, இவை மூச்சுப் பயிற்சிக்கு நிகரானவை என்று சொல்வேன். தெரியாத இடம் தெரிந்த இடமாகும்போதே பாதி பதற்றம் போய்விடுகிறது. தில்லிக்குப் புதிதாக மாற்றலாகி வந்த குடும்பங்கள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். காலைக் குளிருக்குக் கையுறை போட்டுக்கொண்டு போங்கள். பயத்தால் சில்லிட்ட விரலோடு குளிரும் சேர்ந்துகொண்டால் முதல் பக்கம் எழுதுவதே பெரும்பாடாகிவிடும்.

வாசலில் கூட்டமாக நின்று “அந்தக் கேள்வி வருமாம், இந்தப் பாடம் படித்தாயா” என்று பேசும் குழுவிலிருந்து விலகி, மதிலோரம் ஐந்து நிமிடம் நடங்கள். சுரந்த அட்ரினலின் உடம்பை ஓடச் சொல்கிறது. நடை அதற்கு ஒரு வடிகால். வரிசையில் மூன்று பெருமூச்சு. இருக்கையில் அமர்ந்ததும் இரண்டு பாதங்களையும் தரையில் முழுதாகப் பதித்து, முட்டி, தோள், கால்விரல் பயிற்சி. 10.15-க்கு வினாத்தாள் வந்ததும், புரட்டுவதற்கு முன் ஒரு நீண்ட வெளிமூச்சு. வாசிக்கும் 15 நிமிடத்தில் தெரியாத கேள்வியில் கண் நின்றுவிட்டால், அதைத் தாண்டி அடுத்ததற்குப் போய், எந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவது என்பதை மட்டும் தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

எழுதிக்கொண்டிருக்கும்போது திடீரென்று எல்லாம் வெறுமையாகிவிட்டால், முதலில் பேனாவைக் கீழே வையுங்கள். உள்ளங்கைகளை மேசைமேல் பதித்து, மரத்தின் குளிர்ச்சியை உணருங்கள். கண்ணில் படும் ஐந்து பொருள்களை மனத்துக்குள் பெயர் சொல்லுங்கள்: கரும்பலகை, மின்விசிறி, ஜன்னல் கம்பி, கண்காணிப்பாளரின் ஸ்வெட்டர், முன் இருக்கையின் முதுகு. பின்னர் மூன்று வெளிமூச்சு. நாளைய மதிப்பெண்ணில் அலையும் மனம் இந்த அறைக்குத் திரும்பி வர இது உதவும். மொத்தம் ஒரு நிமிடம் ஆகும். மூன்று மணி நேரத்தில் ஒரு நிமிடம் செலவழிப்பது நட்டமன்று. அதன்பின் அடைபட்ட கேள்வியோடு போராடாமல், நன்றாகத் தெரிந்த சிறிய கேள்வி ஒன்றை எழுதத் தொடங்குங்கள். கை ஓடத் தொடங்கினால் நினைவும் பின்னால் வரும்.

பெற்றோருக்கு

ஆறாண்டுகளுக்கு முன் என் மகனின் பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வன்று, மைய வாசலில் நின்றுகொண்டு, “கூட்டுத் தொடரோட கூடுதலுக்குச் சூத்திரம் சொல்லு பார்ப்போம்” என்று கேட்டேன். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் நிதானம் சொல்லிக் கொடுப்பவளான நானே கேட்டேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய சூத்திரம் அது. அவன் வாயைத் திறந்தான், வார்த்தை வரவில்லை, முகம் வெளுத்தது, அப்படியே உள்ளே போய்விட்டான். முதல் முக்கால் மணி நேரம் கை நடுங்கிக்கொண்டே இருந்தது என்று மாலையில் சொன்னபோது, நான் செய்தது என்ன என்பது எனக்கு விளங்கியது. வாசலில் ஒரு கேள்வியும் கேட்காதீர்கள். “பயப்படாதே” என்பதையும் தவிர்த்துவிடுங்கள்; அது பயத்தை நினைவூட்டும். “போய்ட்டு வா கண்ணா, ஒன்றரை மணிக்கு இதே மரத்தடியில நிக்கறேன்” என்ற ஒரு வாக்கியம் போதும். சொன்ன இடத்தில் சொன்ன நேரத்துக்கு நில்லுங்கள்.

பிள்ளைக்குப் பயிற்சி சொல்லித் தருபவர்கள் தாங்களும் அதைச் செய்ய வேண்டும். தாய் தந்தையின் முகத்தையும் குரலையும் பார்த்தே பிள்ளைகள் ஆபத்தின் அளவை எடைபோடுகிறார்கள். மூன்று வாரங்கள் மாலையில் ஐந்து நிமிடம் குடும்பமாக உட்கார்ந்து மூச்சு எண்ணிய வீடுகளில், பிள்ளையிடம் “செய்தாயா, செய்தாயா” என்று துளைக்க வேண்டிய நிலையே வருவதில்லை.

பயிற்சி போதாத நிலை

வாரக்கணக்கில் தூக்கமின்மை, தேர்வு என்றாலே வாந்தி, சாப்பாட்டை அறவே ஒதுக்குதல், யாரோடும் பேசாமல் அறையிலேயே கிடத்தல், “நான் இல்லாமல் போனால் நன்றாக இருக்கும்” என்பதைப் போன்ற பேச்சு, இவற்றில் எது தெரிந்தாலும் மூச்சுப் பயிற்சியை நம்பிக் காத்திருக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதைக் கேட்டால் பிள்ளையைத் தனியே விடாமல் அன்றே உதவி தேடுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. இரவும் பகலும் கட்டணமின்றி இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். இந்தியில் மனம்விட்டுப் பேசத் தயங்கும் தாய்மார்களுக்கு இது பெரிய உதவி. சி.பி.எஸ்.இ.யின் மாணவர் ஆலோசனை எண் 1800-11-8004. நேரில் காட்ட வேண்டுமென்றால் எய்ம்ஸ் மருத்துவமனையிலும், தில்ஷாத் கார்டனிலுள்ள இஹ்பாஸ் (IHBAS) நிறுவனத்திலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன. மருத்துவரிடம் அழைத்துப் போனது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று நினைத்துத் தாமதிக்காதீர்கள். காய்ச்சலுக்கு டாக்டரிடம் போவதை நாம் மறைப்பதில்லை.

தேர்வு முடிந்த பிறகு

1.30 மணிக்கு வெளியே வரும் பிள்ளைகளில் சிலருக்குக் கைகால் நடுங்கும், சிலருக்கு அழுகை வரும், சிலருக்குக் கடுமையாகப் பசிக்கும். இறுகியிருந்த உடம்பு அவிழ்கிறது, பயப்பட ஒன்றுமில்லை. வாசலிலேயே நின்று விடைகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வழக்கத்தை அன்றைக்கு விட்டுவிட்டு, சாப்பிட்டு, அரை மணி நேரம் கண்ணயர்ந்து, மாலையில் கொஞ்சம் நடந்துவிட்டு வந்து, அடுத்த தாளுக்கான புத்தகத்தை அதன்பின் எடுக்கட்டும். நடுவில் நான்கைந்து நாள் இடைவெளி வந்தாலும் மூச்சுப் பயிற்சியை நிறுத்த வேண்டாம்; இடையில் ஹோலி வந்தால் வண்ணப்பொடியைக் கழுவிக் குளித்துவிட்டு, அன்றிரவும் படுக்கையில் பாதத்திலிருந்து தொடங்குங்கள்.